மிதித்த கால்

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், கடை நலம், காது மட்டும் போன வருஷத்தைவிட இன்னும் ஒரு படி இறங்கிவிட்டது. உன் முதுகு எப்படி இருக்கிறது? நாள் முழுக்க லிஃப்ட் மோட்டார்களுக்கு நடுவே குனிந்து கிடக்கிறவன் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டாமா? உன் வீட்டுக்காரியையும் கேட்டதாகச் சொல்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ போனில் பேசுவது எனக்குத் தேனீக்கூட்டம் மாதிரி கேட்கிறது. நான் பேசுவதோ உன் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் கேட்கும். நம் இருவருக்கும் கடிதம்தான் மரியாதை.

விஷயத்துக்கு வருகிறேன். கொட்டகைக் கூரை ஒழுகுகிறது. தகரம் மாற்ற வந்தவர்கள் உள்ளே இருப்பதை வெளியே தள்ளச் சொன்னார்கள். நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். இருபத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் அப்பாவின் கார் வெயிலைப் பார்த்தது. தார்ப்பாயை உருவியதும் வாயைப் பிளந்து நின்றேன். தூசிக்கு அடியில் அந்தப் பச்சை அப்படியே இருக்கிறதடா! முன்பக்கம் நசுங்கினதும் அப்படியேதான் இருக்கிறது. போட்டோ ஸ்டூடியோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, கல்யாண ஜோடிகளை நிற்க வைத்துப் படம் எடுக்க வாங்கிக்கொள்கிறேன் என்றார். முடியாது என்று என் வாய் சொல்லிவிட்டது. எதற்காகச் சொன்னேன் என்று பிறகுதான் யோசித்தேன்.

அதை ஓட வைக்கப் போகிறேன். எனக்கு ஐம்பத்திரண்டு ஆகிறது. தையல் மெஷின்களைப் பிரித்துப் பூட்டியே பாதி ஆயுள் போயிற்று. ஒரு காரையும் பிரித்துப் பார்த்தால் என்ன? தெருக்கோடி மெக்கானிக் ஒருவர் கிடைத்திருக்கிறார். எதைக் கேட்டாலும் "பொறுமை, பொறுமை" என்பார். ஊரே அவரைப் பொறுமை என்றுதான் கூப்பிடுகிறது. அவர் பானெட்டைத் திறந்ததும் சொன்னது இது: "எல்லாரும் இஞ்சினத்தான் மொதல்ல பாப்பாங்க. ஓடாத வண்டியால யாருக்கும் ஆபத்தில்லக்கா. நிக்காத வண்டிதான் பொல்லாதது. பிரேக்க மாத்திட்டு அப்புறம் மத்ததப் பாக்கலாம்." அவருக்கு நம் கதை தெரியாது. நான் தலையை ஆட்டினேன்.

இன்று சனிக்கிழமை. கடையில் எல்லா மெஷினுக்கும் எண்ணெய் விட்டாயிற்று. "காஞ்ச குழியப் பாத்தா கேக்காம ஊத்து" என்று அப்பா போட்ட சட்டம் இன்னும் அமலில்தான் இருக்கிறது.

பிரேக் உன் தொழில். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

உன் அக்கா



ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். முதுகு பரவாயில்லை.

வண்டியை விற்றுவிடு. போட்டோக்காரர் வேண்டாம் என்றால் பழைய இரும்புக்குப் போடு. என் தொழில் லிஃப்ட் பிரேக். கார் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. நான் பஸ்ஸில் போகிறேன், பஸ்ஸில் வருகிறேன். எனக்கு அது போதும்.

கோபத்தில் எழுதவில்லை. காதுக்கு நல்ல டாக்டராகப் பார்.

தம்பி



பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். டாக்டரைப் பார்த்தேன். ஐம்பது வருஷம் மெஷின் சத்தத்தில் இருந்தால் காது இப்படித்தான் கோபித்துக்கொள்ளும் என்றார்.

கார் பற்றித் தெரிந்துகொள்ள உனக்கு விருப்பமில்லை என்று எழுதிவிட்டாய். அதனால் உன்னிடம் எதுவும் கேட்கப்போவதில்லை. நானாகப் புலம்புகிறேன், நீ காதில் வாங்காதே.

பெடலை மிதித்தால் எங்கோ இருக்கிற சக்கரம் எப்படி நிற்கிறது என்று நான் இத்தனை வருஷம் யோசித்ததே இல்லை. கம்பியோ கயிறோ இழுக்கிறது என்று நினைத்திருந்தேன். பொறுமை சிரித்துவிட்டு இரண்டு ஊசிக்குழல் கொண்டுவந்தார். ஒன்று சுண்டுவிரல் தடிமன், இன்னொன்று மாட்டுக்குப் போடுகிற பெரியது. இரண்டையும் ரப்பர் குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்பினார். பெரியதின் தலையில் ஒரு பலகை, பலகையின் மேல் நம் கடை மெஷின் தலை. நான் இரண்டு கையால் தூக்குகிற இரும்பு அது. "இப்ப சின்னத ஒரு விரலால அமுக்குங்க" என்றார். அமுக்கினேன். தம்பி, மெஷின் எழுந்தது! தானாக யாரோ தூக்கிவிடுவதுபோல மெதுவாக எழுந்தது. நான் விரலை எடுத்துப் பார்த்தேன், மறுபடி வைத்துப் பார்த்தேன். அன்று மூன்று பேருக்கு மெஷின் தருவதாகச் சொன்ன நேரம் தவறிவிட்டது.

தண்ணீரை நசுக்க முடியாதாம். ஒரு பக்கம் தள்ளினால் அது நசுங்காமல் மறுபக்கம் போய்த் தள்ளுமாம். காரில் தண்ணீருக்குப் பதில் பிரேக் ஆயில், அவ்வளவுதான். ஒரு கால், ஒரு டன் வண்டி!

நம் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். எல்லாவற்றுக்கும் ஒரே குழாயிலிருந்துதான் ஆயில் போகிறது. முன்னால் இரண்டையும் டிஸ்க் பிரேக்காக மாற்றி, ஆயில் வழியையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்கிறார். டிஸ்க் புரிகிறது. வழி ஏன் இரண்டு? அவர் சொன்ன பதில் என் காதில் விழவில்லை. இரண்டு தடவைக்கு மேல் கேட்க வெட்கமாக இருந்தது.

உன்னைக் கேட்கவில்லை.

உன் அக்கா



பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

ஒரே வழி என்றால் எங்காவது ஓரிடத்தில் ஒழுகினாலும் நாலு சக்கரமும் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர் என்று பெடலுக்கு முன்னால் ஒன்று இருக்கும், கால் தள்ளுவது அதைத்தான். அதை இரண்டு அறையாக வைத்து, ஒன்று முன்சக்கரங்களுக்கு, ஒன்று பின்சக்கரங்களுக்கு என்று பிரித்துவிட்டால், ஒன்று செத்தாலும் மற்றது பிடிக்கும். டிஸ்க் வெளிக்காற்றில் இருப்பதால் சூடு சீக்கிரம் இறங்கும். டிரம் மூடின சட்டி மாதிரி, சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். உன் பொறுமை விஷயம் தெரிந்தவர். அவர் சொல்கிறபடி செய்.

லிஃப்டில் பிரேக் போட மின்சாரம் தேவையில்லை, தெரியுமா? பிரேக்கை எடுத்துவிடத்தான் மின்சாரம் வேண்டும். ஸ்பிரிங் எப்போதும் பிடித்தபடியே இருக்கும். மின்சாரம் ஓடும் வரைக்கும் பிடியை விட்டிருக்கும், நின்ற நிமிஷம் தானாகப் பிடித்துக்கொள்ளும். இதை முதல் நாள் எனக்குக் காட்டினபோது உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு மனுஷன், 'கைவிடும்போதுதான் பிடிக்க வேண்டும்' என்று யோசித்திருக்கிறானே! அன்றே இந்த வேலையில் சேர்ந்தேன்.

இதுவரை நான் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். அன்று காலை வண்டி கனமாக இருந்தது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி. துணி கருகும் வாசனை வந்தது. அம்மா, "எங்கயோ குப்பை எரிக்கிறாங்க" என்றாள். பள்ளிக்கூடத்து இறக்கத்தில் மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போயிற்று. மறுபடி மிதித்தேன். அதற்குள் மதில்.

மறுநாள் அப்பா வண்டியில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. ஆஸ்பத்திரிக்கு வந்து, "நல்லாத்தான் பிடிக்குது. நீ மிதிக்கல, வேடிக்கை பாத்திருக்க" என்றார். முட்டி உடைந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்த அம்மா, "நான் பாத்தேங்க. அவன் கால் தரையில முட்டுச்சு" என்றாள். நீ அம்மாவிடம் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "அவனுக்காகப் பேசாதீங்கம்மா" என்றாய். குறையாகச் சொல்லவில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். பெடல் கல் மாதிரி இருந்ததே.

பிரேக் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் அப்படி இறங்கும் என்று பின்னால் படித்தேன். ஆவியை நசுக்கலாம் அல்லவா? ஆறினால் மறுபடி ஆயில், மறுபடி கல். ஆனால் ஏழு கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அது ஏன் கொதிக்க வேண்டும்? காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே வந்திருந்தால் கொதிக்கும். நல்ல வண்டி ஏன் அப்படிச் செய்யும்? அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

ஒரு வேண்டுகோள். பழைய பிரேக்கைப் பிரிக்கும்போது டிரம்மின் உட்புறம் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார். இரும்பு ஒரு தடவை அவ்வளவு சூடேறினால் நிறம் மாறிவிடும், துருவைத் தேய்த்தால் தெரியும். மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் ரப்பர் வாஷரையும் பார். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் எழுது.

தம்பி



மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. நீ இவ்வளவு நீளமாக எழுதி நான் பார்த்ததில்லை.

வேலை மும்முரமாக நடக்கிறது. டிஸ்க்கும் அதைப் பிடிக்கிற காலிப்பரும் பிந்தைய காலத்து உடைந்த கார் ஒன்றிலிருந்து கிடைத்தன. நம் வண்டியின் அச்சில் உட்காரவில்லை, துளைகள் ஒத்துவரவில்லை. நடுவில் ஒரு தாங்கி பிளேட் வேண்டும். பொறுமை கடைசல் பட்டறைக்குக் கொடுக்கலாம் என்றார். நானே செய்கிறேன் என்று அட்டையில் வெட்டிப் பார்த்தேன். ஐந்தாவது அட்டைதான் பொருந்தியது. பிறகு விரல் தடிமன் இரும்புத் தகட்டில் வரைந்து, அறுத்து, துளை போட்டு, எட்டு நாள் அரம் போட்டேன். முதல் பிளேட் தலைமயிர் அளவு கோணல். தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இடதுபக்கத்துக்கு ஒன்று, வலதுபக்கத்துக்கு ஒன்று. பொறுமை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கும்பிட்டார். கையெல்லாம் கொப்புளம். கூரைக்குத் தகரம் போட்டாயிற்று. மழை வந்தால் இனிக் கவலையில்லை. பக்கத்துக் கடைப் பூனை காரின் பின்சீட்டில் குட்டி போட்டிருக்கிறது, மூன்று.

பழைய பிரேக்கைப் பிரித்தோம். துருதான். நீலமெல்லாம் ஒன்றும் இல்லை. பழைய ஆயிலைப் பொறுமை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து ஜன்னலில் வைத்திருக்கிறார், ஏனென்று தெரியவில்லை.

முதுகைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா



ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கொப்புளத்துக்கு மருந்து போட்டாயா?

நீ பார்த்துச் சொன்னதற்கு நன்றி. உன் கண்ணை நான் நம்புகிறேன். தலைமயிர் கோணலைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு நீலம் தெரியாமல் போகாது.

இருபத்தெட்டு வருஷமாக மனசின் ஒரு மூலையில், ஒருவேளை நான் மிதித்திருப்பேனோ என்று ஒரு சின்ன இடம் வைத்திருந்தேன். அம்மா சொன்னதை வைத்துக் கட்டின இடம். பயந்து போனவன் கால் எங்கே இருந்தது என்று அவனுக்கே தெரியாது, பெற்றவள் பார்த்ததையும் கணக்கில் எடுக்கக் கூடாது. சரி. அந்த இடத்தைக் காலி செய்துவிட்டேன். நான்தான். அம்மா பதினெட்டு வருஷம் கோல் ஊன்றி நடந்ததும் என்னால்தான். இப்படித் தெளிவாக எழுதிவிட்டது ஒருவகையில் நிம்மதி.

வண்டி தயாரானதும் ஒரு படம் அனுப்பு. பூனைக்குட்டிகளை விரட்டாதே.

தம்பி



ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையா? நான் எழுதினதில் ஏதாவது தப்பாகப் பட்டிருந்தால் மறந்துவிடு. இரண்டு வரி போதும், எழுது.

தம்பி



மே 12

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் ஏப்ரல் கடிதத்தைத் தினமும் எடுத்துப் படிக்கிறேன். 'உன் கண்ணை நான் நம்புகிறேன்' என்ற வரிக்கு மேல் போக முடியவில்லை.

மார்ச்சில் நான் எழுதியது பொய்.

டிரம்மைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தோம். துருவுக்கு அடியில் மயில்கழுத்து நீலம். வட்டம் முழுக்க, நாலு சக்கரத்திலும். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தின ஒரு காலை நேரத்துச் சூடு அந்த இரும்பில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் சுடுமோ என்று. பொறுமை விசில் அடித்தார், அது எனக்கே கேட்டது. "இந்த வண்டி பிரேக்கப் பிடிச்சுக்கிட்டே ஓடியிருக்குக்கா" என்றார்.

மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தோம். உள்ளே ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை இருக்கிறது. நாம் காலை எடுத்ததும் ஆயில் அந்த வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டுமாம். ரப்பர் வாஷர் ஊறின பயறு மாதிரி வீங்கி அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. ஆயிலுக்குத் திரும்ப வழியில்லை, பிரேக்குக்கு விட வழியில்லை. உரசி உரசிச் சூடேறி, நீ எழுதினது போலவே கொதித்திருக்கிறது. நீ படித்துத் தெரிந்துகொண்டது எல்லாம் சரி. உனக்குக் கிடைக்காத பதில் ஒன்றுதான், ரப்பர் ஏன் வீங்கியது என்பது.

பொறுமை பழைய ஆயிலை ஜாடியில் ஊற்றி வைத்தார். மறுநாள் காலை அது இரண்டாகப் பிரிந்து நின்றது. அடியில் கறுப்பு, மேலே தெளிந்த ஒரு விரற்கடை. நடுவில் கோடு போட்ட மாதிரி பிரிவு. "மேல நிக்கறது பிரேக் ஆயில் இல்லக்கா. வேற ஏதோ எண்ணெய். இது பட்டா ரப்பர் வீங்கிடும். யாரோ தெரியாம ஊத்தியிருக்காங்க" என்றார். ஒரு சொட்டு விரலில் எடுத்துத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனேன். அந்த வாசனையோடுதான் நான் பிறந்ததிலிருந்து தூங்கி எழுகிறேன். நம் கடை மெஷின் எண்ணெய்.

"யாருக்கா ஊத்தினது?" என்று அவர் கேட்டார். எனக்குக் கேட்காதது போல இருந்துவிட்டேன். செவிட்டுக் காதால் கிடைத்த ஒரே சௌகரியம் அது.

நான்தான் தம்பி.

விபத்துக்கு முந்தின சனிக்கிழமை. மெஷின்களை எல்லாம் முடித்துவிட்டேன், குப்பியில் எண்ணெய் மிச்சம் இருந்தது. வாசலில் கார் பானெட் திறந்து கிடந்தது. அப்பா தண்ணீர் ஊற்றிவிட்டு, வாடிக்கைக்காரர் கூப்பிட்டார் என்று உள்ளே போயிருந்தார். சின்னதாக ஒரு டப்பா, திருகுமூடி. அது பிரேக் ஆயில் டப்பா என்று அன்று எனக்குத் தெரியாது. திறந்து பார்த்தேன், குறைவாக இருந்தது. காய்ந்த குழியைப் பார்த்தால் கேட்காமல் ஊற்று. ஊற்றினேன். நிறைந்ததும் மூடித் துடைத்துவிட்டு, நல்ல காரியம் செய்தோம் என்று உள்ளே போனேன். அப்பாவிடம் சொல்லக்கூட இல்லை. சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அது பெரிய வேலையே இல்லையே! புதன்கிழமை நீ அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு போனாய்.

ஒரு குழிக்கரண்டி எண்ணெய். அவ்வளவுதான் இருந்திருக்கும். அது ஊசிமுனை ஓட்டையை அடைத்து, அம்மாவின் முட்டியை உடைத்து, உன்னை எட்டாத ஊருக்குத் துரத்தி, அப்பாவைக் கடைசிவரை உன்னோடு பேசவிடாமல் செய்திருக்கிறது. நினைக்க நினைக்கத் தலை சுற்றுகிறது. அதைவிட அம்மாவை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. போகிற வரைக்கும் கேட்டவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியம்தான். "நான் பாத்தேன். அவன் கால் தரையில முட்டுச்சு." ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. வீட்டில் ஒருவரும் நம்பவில்லை, அவள் நிறுத்தவும் இல்லை. நாங்கள் அதைப் பாசம் என்று நினைத்தோம். அவள் கண்ணால் கண்டதைச் சொல்லியிருக்கிறாள்.

அம்மாவைப் பார்த்து "அவனுக்காகப் பேசாதீங்கம்மா" என்றவள் நான். எண்ணெய் ஊற்றின கையும் என்னுடையது. பயத்தில் பொய் எழுதினேன். இருக்கிற ஒரே தம்பியையும் இழந்துவிடுவேன் என்று பயம். அந்தப் பொய்யை வைத்து நீ உன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டதைப் படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ என்னை வெறுத்தாலும் பரவாயில்லை என்று தோன்ற எனக்கு ஆறு வாரம் ஆகிவிட்டது.

நீ மிதித்தாய், தம்பி. நீ மிதித்தாய்.

அந்த ரப்பர் வாஷரை இத்துடன் பொட்டலமாக வைத்திருக்கிறேன். ஜாடி ஜன்னலிலேயே இருக்கிறது.

அக்கா



ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று கேட்கவும் எனக்கு வாயில்லை. வேலை முடிந்ததைச் சொல்வதற்காக மட்டும் எழுதுகிறேன்.

நேற்றுப் புது ஆயில் ஊற்றிக் குழாய்களில் இருந்த காற்றை எடுத்தோம். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்துக்கு அடியில் திருகைத் திறந்து மூட வேண்டும். "மிதிங்க", "விடுங்க" என்று பொறுமை அடியிலிருந்து கத்தியது எனக்கு எங்கே கேட்கிறது? நான் மிதிக்க வேண்டிய நேரத்தில் விட்டேன், விட வேண்டிய நேரத்தில் மிதித்தேன். அவர் முகமெல்லாம் ஆயில். அன்றுதான் முதல்முறையாகப் பொறுமை பொறுமையை இழந்தார். பிறகு பாபின் நூலை நாலாகத் திரித்து ஒரு முனையை என் மணிக்கட்டில் கட்டினார். ஒரு இழுப்பு என்றால் மிதி, இரண்டு இழுப்பு என்றால் விடு.

அப்படியே நாலு சக்கரமும் சுற்றி வந்தோம். முதலில் பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது. உன் காலுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது சுற்றில் என் காலடியில் அது எழுந்து நின்றது. எவ்வளவு மிதித்தாலும் அசையவில்லை. முழு பலத்தோடு மிதித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நூல் இரண்டு தடவை இழுத்தது, நாலு தடவை இழுத்தது, நான் விடவில்லை.

இஞ்சினும் ஓடுகிறது. வண்டியை வாசலைத் தாண்டி எடுக்கவில்லை. யார் எடுப்பது என்று தெரியவில்லை.

அக்கா



ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் நலம், நிஜமாகவே நலம். முதுகு மட்டும் வலிக்கிறது, காரணம் கீழே எழுதுகிறேன்.

பொட்டலம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. நாலு கடிதம் எழுதி நாலையும் கிழித்தேன். கோபம் வந்தது, மறைக்கவில்லை. எண்ணெய் ஊற்றினதற்காக வரவில்லை. அது அப்பாவின் சட்டம், உன் கை, மிச்சமிருந்த குப்பி. அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் ஊற்றியிருப்பேன், நம் வீட்டில் வளர்ந்த எவரும் ஊற்றியிருப்பார்கள். மார்ச் மாதக் கடிதத்துக்குத்தான் கோபம். அது முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம். நீ காதைக் கழற்றி வைக்காமல் இருந்தால் போதும்.

வாஷரை வேலைக்கு எடுத்துப்போய் அளந்தேன். இருக்க வேண்டியதைவிட மூன்று மில்லிமீட்டர் பெருத்திருக்கிறது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இருபது மாடிக்கு மேலே மோட்டார் அறையில் நின்றேன். லிஃப்ட் நிற்கும்போதெல்லாம் பிரேக் 'டக்' என்று விழும். ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிற சத்தம். அன்று ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் விழுந்தது. நான் மிதித்திருக்கிறேன் அக்கா! என் கால் தன் வேலையைச் செய்திருக்கிறது. இருபது வயசுப் பையன் ஒருவன் எனக்குள் அந்த மதிலுக்கு எதிரே நின்றபடியே இருந்தான். அவனை ஒருவழியாக வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

இவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது, "அப்ப உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா? இத்தனை வருஷமா மூட்டை தூக்கிட்டு என்னைய பஸ்ஸுல அலையவிட்டீங்களே!"

எனக்கு எது மலைப்பு தெரியுமா? ஜாடியில் நின்ற அந்தக் கோட்டை உன்னையும் பொறுமையையும் தவிர யாரும் பார்க்கவில்லை. யார் ஊற்றினது என்பது உன்னைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஜாடியைச் சாக்கடையில் கவிழ்த்திருந்தால் கதை முடிந்தது. நானோ என்மேல் பழியை எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டேன். நீ அதை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் பிள்ளைதான் நீ. கொஞ்சம் தாமதமாக.

முதுகு வலிக்குக் காரணம், டிரைவிங் ஸ்கூல். ஒரு மாதமாகப் போகிறேன். கற்றுக்கொடுக்கிறவர் என்னைவிட இருபது வயசு சின்னவர். "சார், ரோட்ல இலை அசைஞ்சாக்கூட பிரேக்க மிதிக்கிறீங்க. பின்னாடி வர்றவங்க என்னையத்தான் திட்டறாங்க" என்கிறார். கால் மிதிக்கட்டும் விடுங்க, ரொம்ப நாள் பாக்கி என்றேன். அவருக்குப் புரியவில்லை. நேற்று லைசென்ஸ் கிடைத்தது.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலை வந்து சேர்கிறேன். இவளும் வருகிறாள். அதுவரைக்கும் வண்டியை யாரும் எடுக்க வேண்டாம், பொறுமையிடம் சொல்லிவிடு. சனிக்கிழமைகளில் எண்ணெய்க் குப்பியைப் பூட்டிச் சாவியைப் பூனையிடம் கொடுத்து வை.

வந்த அன்றே பள்ளிக்கூடத்து இறக்கத்துக்குப் போகலாம். நான் ஓட்டுகிறேன். நீ அம்மா உட்கார்ந்த இடத்தில் உட்காரு. மதில் வரும்போது பயப்படாதே, ரோட்டைப் பார்க்காதே. என் காலை மட்டும் பார்த்துக்கொண்டே வா.

உன் தம்பி